மஞ்சள் அட்டை

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்று காரியங்கள் உண்டு. அருவியில் குளிப்பது ஒன்று. குளித்த பசிக்குச் சாப்பிடுவது இரண்டு. அந்தச் சாப்பாட்டைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக் கொள்வது மூன்று. நாமும் முதல் இரண்டு காரியங்களைக் குறைவறச் செய்து, மூன்றாவதில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தோற்றுவிட்டு, தென்காசியில் நமது பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நண்பர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். கோபுரம் தெரியும்படியான திண்ணை, பொதிகைக் காற்று, பேச்சுக்கு வேறென்ன வேண்டும்?

அன்று மாலை நண்பரின் தங்கை தம் குமாரனுடன் வந்திருந்தார். பையனுக்கு வயது இருபத்துநான்கு. கணக்குப் பரீட்சையில் தேறியவன். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்தில் ஒரு முந்திரிக்கொட்டை வியாபார ஸ்தாபனத்தில் அவனுக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் உடைக்காத முந்திரிக்கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வருவது என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஆகையால் அந்தக் கண்டம் இப்பக்கத்தாருக்கு முன்போல் அவ்வளவு தூரத்துப் பூமியன்று. பிரயாணத்துக்கு எட்டு நாட்களே இருந்தன. பெட்டி வாங்கியாயிற்று, பருப்புப் பொடி இடித்தாயிற்று. ஒன்றுதான் பாக்கி.

"மஞ்சள் அட்டை என்று ஒன்று வேண்டுமாம், மாமா. மஞ்சள் ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டால்தான் அந்த அட்டை கொடுப்பார்களாம். ஏஜெண்டு, 'ஊசி ஒன்றும் வேண்டாம், தம்பி, பணத்தைக் கொடு, அட்டை கைக்கு வந்துவிடும்' என்கிறார்" என்றான் பையன்.

"அதுதான் நல்லது, அண்ணாச்சி" என்று தாயார் நம்மைப் பார்த்துச் சொன்னார். "நல்லாயிருக்கிற பிள்ளை உடம்பில் அந்த வியாதிக் கிருமியையே ஏற்றுகிறார்களாமே! காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கிறவனுக்கு ஊசி எதற்கு?"

நண்பர் ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டது பேதைமையான கேள்வியன்று. பிள்ளையை அயல்தேசத்துக்கு அனுப்பும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்விதான். திண்ணையில் அன்று நாம் சொன்ன விடையை, இன்னும் பல வீடுகளுக்கு உபயோகப்படுமென்று கருதி, இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறோம்.

* * *

முதலாவது, மஞ்சள் ஜுரம் வேறு, மஞ்சட்காமாலை வேறு. காமாலை என்பது கல்லீரலின் கோளாற்றைக் காட்டும் ஓர் அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல உண்டு. மஞ்சள் ஜுரமோ, ஒரு தனிப்பட்ட வைரஸ் கிருமியால் உண்டாகும் வியாதி. கொசுக்கடியினால் பரவுவது. வியாதி முற்றும்போது கல்லீரல் கெட்டு, கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அதனால் வந்த பெயரே ஒழிய வேறில்லை.

கிருமியுள்ள கொசு கடித்த 3 முதல் 6 நாட்களுக்குள் ஜுரம் காணும். தலைவலி, முதுகிலே கடுமையான வலி, உடம்பு வலி, வாந்தி, உணவில் வெறுப்பு ஆகியவை உடன் வரும். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு நாட்களில் இவை தணிந்து உடம்பு தேறிவிடும். ஆனால் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்கு, ஜுரம் விட்டது போல் ஒரு நாள் போக்குக் காட்டி, மறுபடி உக்கிரமாகத் திரும்புகிறது. அப்போதுதான் மஞ்சள் நிறம் தோன்றும், சிறுநீர் கறுக்கும், வாயிலும் மூக்கிலும் வயிற்றிலும் இரத்தம் கசியும். இந்நிலையை அடைந்தவர்களில் பாதிப் பேர் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மாண்டு போகிறார்கள்.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆஸ்பத்திரியில் செய்யக் கூடியதெல்லாம் நீர்ச்சத்து குறையாமலும் உறுப்புகள் தளராமலும் தாங்கிப் பிடிப்பதுதான். ஜுரமென்று ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே விழுங்கினால் இரத்தக் கசிவு அதிகமாகும். கீழாநெல்லியின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மேல்நாட்டு வைத்தியமே கைவிரித்து நிற்கும் இடத்தில் அதன்மேல் பாரத்தைப் போடுவது அந்தப் பச்சிலைக்கும் நியாயமன்று, பிள்ளைக்கும் நியாயமன்று.

ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், மத்திய அமெரிக்காவின் ஒரு பகுதியிலுமாகச் சற்றேறக்குறைய நாற்பது தேசங்களில் இவ்வியாதிக்கு இடம் உண்டு. கானாவும் அவற்றில் ஒன்று.

* * *

இந்தக் கிருமியின் பூர்விகம் ஆப்பிரிக்கா. வெள்ளையர்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு போனபோது, தண்ணீர்ப் பீப்பாய்களில் கொசுவும், மனித இரத்தத்தில் கிருமியும் கூடவே போயின. செய்த பாவத்துக்குக் கூலி கிடைத்தது. 1793-ஆம் வருஷம், அப்போது அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராயிருந்த பிலடெல்பியாவில் இந்த ஜுரம் புகுந்து சுமார் ஐயாயிரம் பேரைக் கொண்டு போயிற்று. துர்நாற்றக் காற்றினால் வருவது என்றார் சிலர். அழுக்குத் துணியால் தொற்றுவது என்றார் சிலர்.

கொசுதான் குற்றவாளி என்று முதலில் துணிந்து சொன்னவர் கியூபா தேசத்து வைத்தியர் கார்லோஸ் பின்லே. 1881-ல் அவர் ஹவானா நகரில் இதைச் சொன்னபோது கேட்பார் இல்லை. பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, 1900-ல், அமெரிக்க ராணுவ வைத்தியர் வால்டர் ரீடின் தலைமையில் சென்ற குழு அவர் சொன்னதே மெய்யென்று சோதனை செய்து நிரூபித்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாஸியர் அச்சோதனைக் காலத்தில் அதே ஜுரத்தால் உயிர் துறந்தார். உண்மை தெரிந்த பின்பு, கார்காஸ் என்னும் அதிகாரி ஹவானாவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு மூடி போடச் செய்தார். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். 1901-ஆம் வருஷ முடிவுக்குள் அந்நகரை விட்டு வியாதி ஓடிற்று. பிரெஞ்சுக்காரர்கள் வெட்டத் தொடங்கி, இவ்வியாதியாலும் மலேரியாவாலும் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்துக் கைவிட்ட பனாமாக் கால்வாயை அமெரிக்கர்கள் வெட்டி முடித்ததற்கும், முதற் காரணங்களில் ஒன்று தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போட்ட மூடிதான்.

கொசுவை அறிந்தாலும் கிருமி அகப்படவில்லை. அது அகப்பட்ட கதையில் நமது தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1927-ல், அக்காலம் 'பொன் கடற்கரை' என்று வழங்கிய பிரதேசத்தில் அஸிபி என்னும் இளைஞனுக்கு இந்த ஜுரம் கண்டது. அவனுடைய இரத்தத்தில் சிறிது எடுத்து விஞ்ஞானிகள் ஒரு குரங்குக்கு ஊசியால் செலுத்தினார்கள். அதற்கு முன் ஆப்பிரிக்கக் குரங்குகளில் சோதனை பலிக்கவில்லை. இப்போது செலுத்தியது இந்தியாவின் குரங்கு. வடநாட்டில் நிறையக் காணப்படும் ரீஸஸ் என்னும் செம்முகக் குரங்கு. அதற்கு வியாதி கண்டது. அஸிபி பிழைத்துக் கொண்டான். ஆராய்ச்சி செய்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே வருஷம் லாகோஸ் நகரில் அதே ஜுரத்தால் இறந்தார். மறு வருஷம் ஜப்பானிய அறிஞர் நோகுச்சி ஆக்ரா நகரில் இறந்தார். அந்தப் பொன் கடற்கரைதான் இன்றைய கானா. ஆக்ரா அதன் தலைநகர். நமது பையன் விமானத்திலிருந்து இறங்கப் போகும் ஊர் அதுவே என்று சொன்னதும் திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை.

* * *

இனி ஊசியின் விஷயம். அஸிபியின் இரத்தத்திலிருந்து எடுத்த அதே கிருமி வம்சத்தை, நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிசாலையில் மாக்ஸ் தைலர் என்பவர் தம் சகாக்களுடன் கோழிக் கருவின் திசுக்களில் மீண்டும் மீண்டும், நூறு தடவைக்கு மேல், வளர்த்துப் பார்த்தார். அப்படி வளர்த்ததில் ஒரு கட்டத்தில் அந்தக் கிருமி தன் விஷத்தை இழந்து சாதுவாயிற்று. அதற்கு '17டி' என்று பெயர். 1937-ல் அது தடுப்பூசியாக வெளிவந்தது. தைலருக்கு 1951-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகமெங்கும் போடப்படும் மஞ்சள் ஜுரத் தடுப்பூசிகள் யாவும் அந்த ஒரே கிருமியின் வழி வந்தவையே.

ஆகையால் "கிருமியையே ஏற்றுகிறார்கள்" என்று தாயார் சொன்னது உண்மைதான். ஆனால் ஏற்றுவது பல் பிடுங்கிய பாம்பு. உடம்பு அதனோடு போரிட்டுப் பழகிக் கொள்கிறது. பிறகு மெய்யான பகைவன் வந்தால் அடையாளம் கண்டுகொள்கிறது. ஒரே ஓர் ஊசி. தோலுக்கு அடியில் அரை மில்லி லிட்டர். பத்து நாட்களுக்குள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பாதுகாப்பு ஏற்பட்டுவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏற்படுகிறது. முன்பு பத்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டுமென்ற விதி இருந்தது. 2016-ஆம் வருஷம் ஜூலை 11-ந் தேதி முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதிப்படி ஒரு முறை பெற்ற அத்தாட்சி ஆயுள் முழுவதும் செல்லும்.

ஊசி எல்லோருக்கும் ஆகுமா? ஆகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போடவே கூடாது. சாதாரணமாக ஒன்பது மாதம் நிறைந்த பிறகே போடுகிறார்கள். கோழி முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள், வியாதியாலோ மருந்தாலோ உடம்பின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், மார்புக்கூட்டிலுள்ள தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆகாது. கர்ப்பிணிகளும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களும், அறுபது வயதைக் கடந்து முதல் முறையாகப் போட்டுக் கொள்பவர்களும் வைத்தியரிடம் நன்கு ஆலோசித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பேரக் குழந்தையைப் பார்க்க நைரோபிக்கும் கம்பாலாவுக்கும் புறப்படும் தாத்தா பாட்டிமார் இதைக் கவனிப்பார்களாக. மற்றவர்களுக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, சில நாட்களில் இலேசான ஜுரம், உடம்பு அலுப்பு என்ற அளவோடு போய்விடும். கடுமையான கெடுதி மிக மிக அபூர்வம். அம்மைத் தடுப்பூசி போன்ற வேறு உயிர்க்கிருமி ஊசிகள் போட வேண்டியிருந்தால், ஒன்று அதே நாளில் போட வேண்டும்; அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

* * *

அட்டையைப் பற்றி இனிச் சொல்வோம். அதன் பெயர் சர்வதேசத் தடுப்பூசி அத்தாட்சி. மஞ்சள் நிறமாயிருப்பதால் மஞ்சள் அட்டை என்று வழங்குகிறது. இதை எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சர்க்கார் அங்கீகரித்த ஸ்தலங்களில் ஊசி போட்டு, முத்திரையிட்டுக் கொடுத்தால்தான் செல்லும். தமிழ்நாட்டில் அத்தகைய ஸ்தலங்கள் மூன்று: சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம். தென்காசிக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. திருநெல்வேலி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டரில் தூத்துக்குடி இருக்கிறது.

ஆனால் நினைத்த நாளில் போய் நின்றால் ஊசி கிடைக்குமென்று எண்ணக் கூடாது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். அதைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். ஆகையால் ஆட்களைச் சேர்த்துக் கொண்டு குறித்த நாட்களில்தான் போடுவார்கள். முன்கூட்டியே விசாரித்து நாள் வாங்கிக் கொண்டு, பாஸ்போர்ட்டுடன் செல்ல வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக் கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் ஒன்று. அட்டை ஊசி போட்ட அன்றே செல்லுபடியாகாது. பத்து நாள் கழித்தே அதற்கு உயிர் வரும். நமது பையனுக்குப் பிரயாணத்துக்கு எட்டே நாள் இருந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெய்யான ஊசியையே மறுநாள் போட்டுக் கொண்டிருந்தாலும், ஆக்ராவில் இறங்கும்போது அந்த அட்டை வெறும் காகிதமே. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே ஊசிக்கு நாள் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வழியில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறவர்களும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். போகும் தேசத்தில் மஞ்சள் ஜுரம் இல்லாவிட்டாலும், ஜுரமுள்ள தேசத்து விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அட்டை கேட்கும் தேசங்கள் உண்டு. ஊசி ஆகாத உடம்பு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்தை எடுத்துச் செல்லலாம். ஆனால் போகிற தேசம் அதை ஏற்குமா என்பதைப் புறப்படுமுன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

ஊசி போட்டாயிற்று என்று அங்கே போய்க் கொசுவுக்கு உடம்பைக் கொடுத்துக் கொண்டிருப்பதும் தவறு. அந்த ஊர்களில் மலேரியாவும் டெங்குவும் உண்டு. இந்த ஊசி அவற்றைத் தடுக்காது. முழுக்கைச் சட்டை, கொசுவலை, கொசுவை விரட்டும் களிம்பு ஆகிய மூன்றும் பெட்டியில் இருக்கட்டும்.

* * *

"இவ்வளவுதானா, மாமா? பிடித்தால் என்னைத்தானே பிடிக்கும்? அட்டை பொய்யாயிருந்தால் நஷ்டம் எனக்குத்தானே?" என்றான் பையன்.

இந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம் என்று சொன்னாலும் தவறாகாது. நஷ்டம் அவனுக்கு மட்டும் அன்று.

நமது தேசத்தில் இன்றுவரை மஞ்சள் ஜுரம் இல்லை. ஆசியாக் கண்டத்திலேயே அது பரவியதில்லை. ஏன் பரவவில்லை என்பதற்கு அறிஞர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். முடிந்த முடிவு ஒன்றும் இல்லை. ஆனால் அது வந்து தங்குவதற்கு வேண்டிய சாமான்களில் எதுவும் இங்கே குறைவில்லை. ஹவானாவில் குற்றவாளியாகப் பிடிபட்ட ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு, கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகளுடன் பகலிலே கடிக்கும் அந்தக் கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் பிறக்கிறது. 2012-ஆம் வருஷம் இதே தென்காசிக்கு அடுத்த கடையநல்லூரில் டெங்கு ஜுரம் வீடு வீடாகப் புகுந்து உயிர்களைக் கொண்டு போனதை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பரப்பியது இதே கொசுதான். வைக்கோற்போர் தயார், நெருப்புப் பொறி ஒன்றுதான் வர வேண்டும். ஊசி போடாமல் போய், இரத்தத்தில் கிருமியுடன் திரும்புகிறவன் அந்தப் பொறி. ஜுரம் காண்பதற்குச் சற்று முன்னிருந்து, கண்ட பின் மூன்று முதல் ஐந்து நாள் வரையில், அவனைக் கடிக்கும் கொசு கிருமியை எடுத்துக் கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் அது அடுத்த வீட்டாரைக் கடிக்கத் தயாராகிவிடும்.

இந்த அச்சம் புதிதன்று. பனாமாக் கால்வாய் திறக்கப் போகிறது, கப்பல்கள் நேரே கீழ்த்திசைக்கு வரப் போகின்றன என்ற நிலையில், 1913-லேயே எஸ். பி. ஜேம்ஸ் என்னும் வைத்திய அதிகாரி, இந்தியாவை இந்த ஜுரத்திலிருந்து காப்பது எவ்வாறு என்று விரிவாக எழுதினார். பிறகு ஆகாய விமானம் வந்தது. கப்பலில் வாரக்கணக்கான தூரம் மணிக்கணக்காயிற்று. ஆகையினால்தான், ஜுரமுள்ள தேசத்தை விட்டு ஆறு நாட்களுக்குள் அட்டையின்றி வந்து இறங்குகிறவர்களை, இந்தியராயினும் அந்நியராயினும், ஆறு நாள் வரையில் தனித்து வைக்க நமது சர்க்காருக்கு விதி இருக்கிறது. கொசு கடித்து ஆறு நாளைக்குள் ஜுரம் காணாவிட்டால் பயமில்லை என்பதே அந்தக் கணக்கு.

2016-ல் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலா தேசத்தில் ஜுரம் பரவியபோது, அங்கே வேலை செய்த சீனர்களில் பதினொரு பேர் கிருமியுடன் தாய்நாடு திரும்பினார்கள். அது அங்கே பரவாமற்போனது அவர்களுடைய அதிர்ஷ்டம். அதே வருஷம் உலகத்தார் அவசரத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த ஊசி மருந்து தீர்ந்து போய், காங்கோ தேசத்துக் கின்ஷாஸா நகரில் ஒருவருக்குரிய மருந்தை ஐந்து பேருக்குப் பங்கிட்டுப் போட வேண்டியதாயிற்று. கோழி முட்டையில் வளர்த்து எடுக்கும் மருந்தை நினைத்தபோது நினைத்த அளவு செய்துவிட முடியாது. கோடிக்கணக்கான ஜனங்கள் வாழும் நமது தேசத்தில் அந்தப் பொறி விழுந்தால் எத்தனை முட்டை போதும்?

இன்னும் ஒன்று. குற்றாலத்துக் குரங்குகளை நாம் வேடிக்கைக்காகத் தொடக்கத்தில் சொல்லவில்லை. தென் அமெரிக்காவில் இந்தக் கிருமி ஊரை விட்டுக் காட்டுக்குள் புகுந்து, குரங்குகளிடமும் காட்டுக் கொசுக்களிடமும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஹவானாவில் மூடி போட்டு விரட்டினார்கள். அமேஸான் காட்டுக்கு யார் மூடி போடுவது? அங்கே குரங்குகள் மரத்திலிருந்து செத்து விழுவதுதான் ஜுரம் வருகிறது என்பதற்கு முன்னறிவிப்பு. 1957-ல் மைசூர் ராஜ்யத்தில் ஷிமோகா ஜில்லாவைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்தாருக்கு ஜுரம் கண்டது. மஞ்சள் ஜுரம் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று விஞ்ஞானிகள் திகைத்தார்கள். பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சிசாலையார் விரைந்து சென்று சோதித்து, அது உண்ணிகளால் பரவும் வேறொரு புதிய கிருமி என்று கண்டார்கள். அன்று தப்பினோம். அங்கே செத்த குரங்குகளில் ஒரு ஜாதி, குற்றாலத்தில் நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்துக் கொண்டோடும் அதே நாட்டுக் குரங்கு. அந்தக் காடும் இந்தக் காடும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவை. செம்முகக் குரங்குக்கு இந்தக் கிருமி எமன் என்பதை 1927-லேயே கண்டோம். செண்பகாதேவிக்கு மேலே உள்ள காட்டில் அது ஒரு முறை குடியேறிவிட்டால் பிறகு நம் பேரன் பேத்திகள் அருவிக்கு வரும் விதமே வேறாகிவிடும் அல்லவா?

பொய் அட்டையை விற்கிறவன் ஒரு பையனுடைய பணத்தை மட்டும் வாங்கவில்லை. அவனுடைய தெருவையும், அவன் குளித்த அருவியையும், அவன் தேசத்தையும் சேர்த்தே விலை பேசுகிறான். அந்த அட்டையை வாங்குகிறவனும் அந்த விற்பனைக்குக் கையெழுத்துப் போடுகிறான். சுயராஜ்யம் வந்த பிறகு தேசத்துக்குச் செய்யும் தொண்டு சிறை செல்வதாக இராது. சில சமயம் ஓர் ஊசிக்குக் கையை நீட்டுவதாக இருக்கும். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய சிதம்பரம் பிள்ளையின் பெயரைத் தாங்கியுள்ள தூத்துக்குடித் துறைமுகத்திலேயே அந்த ஊசியும் போடப்படுவது நமக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

* * *

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சீட்டைத் தள்ளிப் போட்டால் அபராதம் கேட்பார்களே, மாமா" என்றான். "அதை நான் கட்டுகிறேன்" என்றார் நண்பர். உபாத்தியாயருடைய ஓய்வுச் சம்பளம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். ஆகவே அந்த வார்த்தையின் எடையும் தெரியும்.

தாயார் மட்டும் சமாதானமாகவில்லை. "இங்கே அந்தக் கொசு இருக்கிறது என்கிறீர்களே, அண்ணாச்சி, நம் வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நாம் எழுந்து கொல்லைப்புறம் போனோம். கிணற்றடியில் சிமிட்டித் தொட்டி ஒன்று, தெளிந்த நீர், பாதி மூடிய தகரம். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், நூல் நூலாகப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்து கொண்டிருந்தன. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. புடவையை இழுத்துச் செருகிக் கொண்டு, தொட்டியைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்க்கத் தொடங்கிவிட்டார். தேய்க்க வேண்டியதுதான், அந்தக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக் கொண்டு மாதக்கணக்காக உலர்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டால் பிழைத்துக் கொள்ளும்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பையன் தூத்துக்குடியில் ஊசி போட்டுக் கொண்டான். இரண்டு நாள் கை வலி, ஐந்தாம் நாள் இலேசான ஜுரம், அவ்வளவே. பதினான்காம் நாள் புறப்பட்டுப் போய்ச் சுகமாகச் சேர்ந்தான். கடிதத்தின் கடைசியில் நண்பர் ஒரு வரி எழுதியிருந்தார்: தங்கை இப்போது வெள்ளிக்கிழமை தோறும் தம் வீட்டுத் தொட்டியைத் தேய்த்து முடித்துவிட்டு, அடுத்த வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்க்கிறாராம்.